ஒரு மணித்தியாலம் கேட்ட உறுப்பினர்

கேட்டது கிடைக்காவிட்டால் மனிதனுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். கிடைத்துவிட்டால்தான் திண்டாட்டம். இதை நான் இளம் வயதில், கிண்ணியாப் பக்கத்துக் கிராமசபை ஒன்றில் எழுந்து நின்றபடி அறிந்துகொண்டேன்.

கொழும்பில் புதிதாகக் கூட்டரசாங்கம் அமைந்த கையோடு எங்கள் சபையிலும் அந்தக் காற்று வீசியது. தேர்தலில் ஒருவரையொருவர் வாய்கூசாமல் ஏசிய இரண்டு அணிகள் கைகோத்து ஆட்சியைப் பிடித்தன. எதிர்க்கட்சியாக மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் குறிஞ்சாக்கேணியில் தோணிகளும் வலைகளும் வைத்திருந்த ஹமீது காக்கா. (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.) மற்றவன் புடவைக்கடை நடத்திய நான். (மீனைச் சட்டியில் மட்டும் கண்டவன்.)

கரையோரத்து மீன்சந்தையை உள்வீதிக்கு மாற்றப்போவதாகக் கூட்டணியார் அறிவித்தார்கள். மாறினால் கரைவாசிகள் மீனைச் சுமந்துகொண்டு வெயிலில் நடக்கவேண்டும். விவாதிக்க நேரம் தாருங்கள் என்று மாதாமாதம் கேட்டோம். "நேரமில்லை தம்பி" என்று மாதாமாதம் சேர்மன் கூட்டத்தை முடித்தார்.

ஆகவே நான் ஓர் உரை தயாரித்தேன். எதிர்க்கட்சிக்கு ஏன் நேரம் தரவேண்டும் என்பதுதான் அதன் பொருள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கையை ஓங்கி ஒத்திகை பார்த்தேன். கலியாணமாகிக் கொஞ்ச நாளே ஆன என் மனைவி ஜெமீலா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி. அவர் நேரத்தத் தந்திட்டா என்ன கதைப்பீங்க?"

"தரமாட்டார்" என்றேன்.

சந்தை மாற்றத்துக்கான வாக்கெடுப்பு நாள் வந்தது. சபைக்குப் போனால், ஹமீது காக்காவுக்குத் தொண்டை கட்டிக் குரலே இல்லை. "நீதான் கதைக்கோணும்" என்றார், காற்றாக. யன்னல்களிலெல்லாம் கரைவாசிகளின் முகங்கள். அவர்களுடைய சந்தை இப்போது என் வாயை நம்பி இருந்தது.

எழுந்து நேரம் கேட்டேன்.

"எவ்வளவு வேணும்?" என்றார் சேர்மன்.

பேரம் பேசிக் குறைப்பார் என்று நினைத்து, "ஒரு மணித்தியாலம்!" என்றேன்.

"சரி, தந்தாச்சு. கதையுங்க."

வேறு வழியின்றித் தயாரித்ததையே தொடங்கினேன். "நேரம் மறுக்கப்படும் இச்சபையிலே..."

"தம்பி, இப்பதானே தந்தனான்!"

சபை சிரித்தது. அதற்குமேல் என் உரையில் ஒரு வரியும் உதவவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஹமீது காக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு" என்று குசுகுசுத்தார். அவர் சொன்னதைச் செந்தமிழாக்கி நான் முழங்கத் தொடங்கினேன்.

"கரையில இருந்து றோட்டுக்குப் போறதுக்குள்ள மீன் பழுதாப் போகும்."

"கரையிலிருந்து வீதிக்குச் செல்வதற்குள் மீன் பழுதாகிவிடும்!"

யன்னலில் கைதட்டல். அந்தச் சத்தத்தில் எனக்கு அறிவு மங்கிவிட்டது. கண்ணைச் சேர்மனிடமும் காதைக் காக்காவிடமும் கொடுத்துவிட்டு, நான் வெறும் ஒலிபெருக்கியாகி நின்றேன்.

"சேர்மன்ட முகத்தப் பாக்காத. பாத்தா பயம் வரும்."

"சேர்மனின் முகத்தைப் பார்க்காதே! பார்த்தால் பயம் வரும்!"

காக்கா என் சட்டையைப் பலமாக இழுத்தார்.

"அட முட்டாள், இத ஏன் சொன்ன?"

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். சேர்மனை நேரே பார்த்து, "அட முட்டாளே! இதை ஏன் சொன்னாய்?" என்றேன்.

சேர்மன் எழுந்துவிட்டார். "ஆரப் பாத்து முட்டாள் எண்டு சொன்னீங்க?"

கூட்டணியில் சேர்மனின் பங்காளி அணியினர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சேர்மன் அவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களுமா சிரிக்கிறீங்க?"

"சிரிக்கவும் உங்களிட்டக் கேக்கணுமா?" என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். தேர்தல் காலத்து ஏச்செல்லாம் இரண்டு பக்கமும் திரும்பி வந்துவிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் வாக்கெடுப்பு நடக்காமலே கூட்டம் கலைந்தது.

பிறகு அவர்கள் சமாதானமானார்கள். ஆனால் சந்தைக் கதையை மீண்டும் எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சந்தை கரையிலேயே இருந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் நான் சேர்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். (அதற்கு மட்டும் நேரம் உடனே கிடைத்தது.)

இன்றும் எந்த விசேஷத்திலாவது நான் நாலு வார்த்தை பேச எழுந்தால், எங்கள் வீட்டார் என் பக்கத்துக் கதிரையை வெறுமையாக்கி விடுவார்கள். இளைய மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் விஷயம் தெரியாமல் அதில் உட்காரப் போனார். ஜெமீலா அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்:

"காக்கா, அதில இருக்காதீங்க. நீங்க மனசுக்குள்ள நினைக்கிறதயும் இவர் எழும்பி நிண்டு சொல்லிப்போடுவார்."