புரோட்டான் வள்ளல்

வள்ளல் ஓரிக்குப் பிறகு கொல்லிமலைக்கு வாய்த்த அடுத்த வள்ளல், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆசிரியர் தனசேகரன்தான். சந்தேகம் இருப்பவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். அவரும் அதைத்தான் சொல்வார்.

மூன்று வருடமாக நாமக்கல்லிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து 'கல்விப் பணி' ஆற்றினார். ஏறினால் தலை சுற்றும். ஆகவே முற்பகல் ஓய்வு. இறங்கினாலும் தலை சுற்றும் என்பதால் பிற்பகல் முழுக்க அதற்கான முன்னேற்பாடு. இடையில் கிடைத்த நேரத்தில் ஒரு குறையும் வைக்காமல் சாப்பிட்டார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். இதற்கு அவர் 'சுயகற்றல் புரட்சி' என்று பெயர் வைத்திருந்தார்.

இப்போது கீழே, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சி மையத்தில் ஒரு பதவி காலி. ஒரு மாதிரி வகுப்பு எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்தது என்று பார்வையிட வரும் கல்வித்துறை அதிகாரி ராதிகா எழுதிவிட்டால் மாறுதல் ஆர்டர் கைக்கு வந்துவிடும். மனிதர் பதறிப்போய்ப் பாடப்புத்தகத்தையே பிரித்துவிட்டார். 'இணை அமில-கார இரட்டைகள்' என்று வந்தது.

அதிகாரி கடைசி பெஞ்சில் அமர்ந்தார். தனசேகரன், செல்வம் என்ற மாணவன் கையில் ஓர் அன்னாசிப்பழத்தைக் கொடுத்து நிறுத்தினார். எதிரே சுகுணா, வெறுங்கையோடு.

"செல்வம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுகுணா தண்ணி. பழந்தான் புரோட்டான். குடு சாமி."

செல்வம் கொடுத்தான். சுகுணா வாங்கிக்கொண்டாள்.

"இப்ப எது எதுக்கு இணை?"

"செல்வத்துக்குச் சுகுணாங்க சார்," என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

"அதுதான் தப்பு. பழத்தோட நின்ன செல்வமும், பழத்தக் குடுத்துட்டு நிக்கிற செல்வமுந்தான் இணை. முந்தி அமிலம், இப்பக் குளோரைடு, அதோட இணை காரம். ஆள் ஒண்ணு, வித்தியாசம் ஒரு புரோட்டான்."

ராதிகா தலையசைத்தார். தனசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொரு உதாரணம். மூணு வருசத்துக்கு முந்தி இந்த மலைக்கு வந்த தனசேகரன். இப்பக் கீழ எறங்கப்போற தனசேகரன். ரெண்டும் இணைதானே கண்ணு?"

சுகுணா பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். குறும்பெல்லாம் இல்லை, பரீட்சையில் யோசிப்பது போலத்தான் யோசித்தாள்.

"இல்லீங்க சார்."

"ஏஞ்சாமி? ஆள் ஒண்ணுதானே?"

"ஆள் ஒண்ணுதானுங்க. ஆனா எதையாச்சும் குடுத்திருந்தாத்தானுங்களே இணை? நீங்க வந்த மாதிரியேதானுங்க போறீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தனசேகரனுக்குக் காது மடல் சுட்டது. வெட்கக்கேடுதான், வேறென்ன.

"பதில் சரிங்களா சார்?" ராதிகா பேனாவைத் திறந்தார்.

தப்பு என்றால் பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை என்றாகிவிடும், ஆர்டர் போய்விடும்.

"முழு மார்க்குங்க மேடம்."