சாய்வண்ணனும் ஒரு பெட்டி எழுத்தும்

பதுளையில் நேராக நின்ற எதையும் மதிக்காத ஒரே மனிதர் எங்கள் சாய்வண்ணன்தான். தொப்பியைச் சாய்த்துத்தான் வைப்பார். தலையைச் சாய்த்துத்தான் பேசுவார். சுவரில் தொங்கும் கலண்டரை நான் நேராக்கிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அது வலப்பக்கம் சரிந்திருக்கும். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். பஜாரில் ஒரு ஹாஜியாரின் அச்சகம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் கம்பாசிட்டர் சாய்வண்ணன். நான் புரூஃப் பார்ப்பவன். அதாவது அவரோடு சண்டை போடுவதற்காகச் சம்பளம் வாங்கியவன்.

கொழும்பில் மூடப்பட்ட அச்சகம் ஒன்றிலிருந்து ஹாஜியார் எழுத்துகளை மொத்தமாக வாங்கியபோது, கேட்காமலே ஒரு பெட்டி சாய்வெழுத்தும் வந்து சேர்ந்தது. தலைப்புக்குப் போடும் பெரிய எழுத்து. தடித்த கோடு விரல் பருமன், மெல்லிய கோடு தலைமயிர். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, எங்கோ கிளம்பிப் போகிற தோரணையில் நிற்கும். கீழே விழுந்தால் மெல்லிய கோடு முறிந்துவிடும். அதனால் சாய்வண்ணன் அவற்றை முட்டையைத் தூக்குவது போலத் தூக்குவார். கல்யாணப் பத்திரிகைக்கு அதைவிட அழகான எழுத்து ஊவா மாகாணத்திலேயே கிடையாது. ஆனால் மனிதர் கல்யாணத்தோடு நிற்கவில்லை.

'மாட்டெரு விற்பனைக்கு' என்று ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். சாய்வண்ணன் அதையும் சாய்வெழுத்தில் கோத்துவிட்டார். ஒரு குடும்பம் எழுத்தின் அழகைப் பார்த்த மயக்கத்தில் விஷயத்தை வாசிக்காமலே, விலாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, பட்டுச்சேலையும் வெற்றிலைத் தட்டுமாகப் போய் இறங்கி, "பொண்ணு எங்கங்க?" என்று கேட்டதாம். எருக்குவியலைக் காட்டினார்களாம்.

அடுத்தது மரண அறிவித்தல். காலமான ஜவுளிக்கடைக்காரரின் மகன் நோட்டீஸும் கையுமாக ஓடி வந்தார்.

"எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க! நோட்டீஸ்ல என்னடான்னா ஓடுறாரே!"

"மேல போறவரு நேரா நின்னுக்கிட்டிருந்தா எப்படிங்க போய்ச் சேருவாரு?" என்றார் சாய்வண்ணன், தலையைச் சாய்த்து.

ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது. "மவுத்து நோட்டீஸுலயுமா ஓய் வெளாட்டு? இனி அந்தப் பெட்டியத் தொறந்தா, அப்படியே உருக்கக் குடுத்திருவன்!"

ஒரு மாதம் பெட்டி மூடியே கிடந்தது. சாய்வண்ணன் நேரான எழுத்துகளைக் கோத்துக்கொண்டு, பத்தியச் சோறு சாப்பிடுகிறவர் முகத்தோடு இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. நானே கலண்டரைச் சற்றுச் சாய்த்து வைத்தேன்.

அப்போதுதான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். 'கங்காணி வீட்டு மருமகள்' என்று நாடகம். ஞாயிறு பின்னேரம் பதுளை மண்டபத்தில். ஹாஜியார் இரண்டு நாள் பண்டாரவளையில். சாய்வண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அச்சகத்துக்குள் பாய்ந்தார்.

"ஹாலிஎல சந்தியில ஒட்டியிருக்கு! பஸ்ஸுல இருந்து பாத்தா ஒன்டுமே வாசிக்க ஏலா! தடிச்ச கோடு மட்டும் வேலிக்கம்பு மாதிரி நிக்கிது. மத்த கோடெல்லாம் எங்க ஓய்?"

"பஸ்ஸ விட்டு எறங்கினீங்களா மொதலாளி?"

"எறங்கினன்."

"கிட்டப் போனீங்களா?"

"போனன்."

"வாசிச்சீங்களா?"

ஹாஜியார் மேசையில் கிடந்த கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். "ரெண்டு தரம்" என்றார்.

"அதுக்குப் பேருதாங்க நோட்டீஸு."

"வாய் மட்டும் கொறயல்ல. மண்டபம் நெறஞ்சா பெட்டி இருக்கும். நெறயல்லன்டா, திங்கக்கெழம உருக்குப்பட்டறைக்குப் போகும்."

சனிக்கிழமை முழுவதும் சாய்வண்ணன் பெட்டியின் பக்கத்திலேயே இருந்தார். அத்தனை எழுத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நாடகத்துக்கு நாங்கள் இரண்டரைக்குப் போனோம். உள்ளே நுழைய முடியவில்லை! லொறி லொறியாக வந்து இறங்கியிருந்தார்கள். எல்ல என்ற ஊர்ப் பக்கத்திலிருந்துகூட ஒரு கூட்டம். வாசலில் நின்ற ஒருவரிடம், நாடகம் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தூரத்துல பாத்தா ஒண்ணும் வெளங்கலங்க. என்ன எழவோன்னு எல்லாரும் கிட்டப் போய்ப் பாத்தோம். பாத்தா நாடகம்!"

சாய்வண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் சட்டை கிழிந்தது. உள்ளே ஹாஜியாருக்கே நாற்காலி கிடைக்கவில்லை. கடைசிச் சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

சாய்வண்ணன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனார். "இப்பத்தான் மொதலாளி பாக்க அம்சமா நிக்கிறீங்க."

ஹாஜியார் வெடித்துச் சிரித்துவிட்டார். "நாசமாப் போங்க ஓய்! பெட்டிய நீங்களே வெச்சிக்கங்க!"

அந்தப் பெட்டியிலிருந்துதான் பின்னாளில் என் கல்யாணப் பத்திரிகையும் வந்தது. அந்த நாடக நோட்டீஸ் ஒன்றைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஆணி சரியில்லையோ என்னவோ, எப்படி மாட்டினாலும் வலப்பக்கம் சரிந்துவிடும். வருகிறவர்கள் நேராக்கக் கை நீட்டுவார்கள். நான் விடுவதில்லை.