சின்னக் கிரகமும் வீரப்பன் குடிசையும்

பாகூர் கொம்யூன்,
1938 பிப்ரவரி 6, ஞாயிறு

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர் தணிகைவேல் வணக்கமாய் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சு யந்திரமும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் சௌக்கியம். இந்தக் கடிதத்தில் உள்ள வெட்கக்கேடே அதுதான்.

சென்ற மாதம் தங்கள் பத்திரிகையில், மணிலாக்கொட்டை விலைக்குக் கீழே, ஆறு வரி போட்டிருந்தீர்கள். போன அக்டோபர் கடைசியில் ஒரு மைல் அகலமுள்ள சின்னக் கிரகம் ஒன்று, சந்திரனைப்போல் இரண்டு பங்கு தூரத்தில் பூமியைத் தாண்டிப் போயிற்று; ஐந்து நாள் தெரிந்தது, பிறகு காணவில்லை; அதன் பாதையைச் சரியாகக் கணக்கிட முடியாததால் திரும்ப எப்போது வருமென்று வான சாஸ்திரிகளுக்கே தெரியாது என்று. அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். களத்தில் போரடிக்கிற பிணைமாடுகள் வட்டம் சுற்றும்போது ஒரு நாய் குறுக்கே ஓடி, குளம்பில் சிக்காமல் தப்பிப் போகிறதல்லவா, பூமி மாடு, அது நாய் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் தாய் சின்னபொண்ணு வந்து, "நாய் திரும்பி வராதா வாத்தியாரே?" என்று கேட்டாள். ஒருத்தி கேட்டால் ஊரே பயந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, "கிரகம் போய்விட்டது, ஆபத்து இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தண்டோராக்காரன் வீரப்பனுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டிக் கூவச் சொன்னேன். "வாணாம் வாத்தியாரே. இல்லைன்னு மட்டும் சொல்லக் கூடாது" என்றான். நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா.

ஐயா, இந்த ஊரில் "வாந்திபேதி இல்லை" என்று தண்டோரா போட்ட மூன்றாம் நாள் ஒன்பது பிணம் விழுந்தது. "வாய்க்கால் கரை உடையாது" என்று போட்ட அன்றே உடைந்தது. ஆபத்து இல்லை என்று பறை அடித்தால் ஆபத்து புறப்பட்டுவிட்டது என்று சேரியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட எங்கள் தெருவில் விழவில்லை.

வீரப்பன் காலையில் கூவினான்; மத்தியானத்துக்குள் அறுப்பு நின்றுபோயிற்று. மிராசுதார் சிவப்பிரகாசம் குடையோடு ஓடி வந்து, "இன்னாடா இது, பிரஞ்சு எல்லையில வுழுமா, இங்கிலீஷ்காரன் எல்லையில வுழுமா?" என்று கேட்டார். இங்கே வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ் ராஜ்யம். சாராயம் கடத்துகிறவனைப்போல் கிரகமும் அந்த வாய்க்காலைப் பார்த்துத்தான் காலை வைக்கும் என்று நினைத்தார். வீரப்பன் பெண்சாதி ராமாயி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "எங்க வுழுந்தா இன்னா ஆண்டே. நெல்லு அறுத்து அறுத்துக் கை காச்சிப்போச்சி, வவுறு கூழைத் தவிர ஒண்ணும் பாக்கல. ஒரு வேளை நெல்லுச்சோறு துன்னுட்டுச் சாவறோம்" என்றாள். மற்ற நாளாயிருந்தால் குடை அவள் முதுகில் உடைந்திருக்கும். அன்று அவர் வானத்தைப் பார்த்தார். "துன்னுங்கடி. மேல போயி யாருனா கேட்டா எம்பேரச் சொல்லுங்க" என்று களத்தில் குவிந்து கிடந்த ஒரு நெல் அம்பாரத்தையே அள்ளிக்கொள்ளச் சொன்னார். அன்று சேரியில் எல்லா அடுப்பிலும் அரிசி வெந்தது. குழந்தைகளுக்குப் பழக்கமில்லாமல் வயிறு வலித்தது.

மறுநாள் சூரியன் வழக்கம்போல் உதித்தது. அந்தச் சேரிக்கு அதைவிடப் பெரிய விபத்து வேறில்லை. வெயில் ஏறுமுன் தானம் திருட்டாகிவிட்டது. "நானா குடுத்தேன்? எவன்டா கேட்டான்?" என்றார் மிராசுதார். ஊரைக் கலக்கி நெல்லைத் திருடியவன் வீரப்பன் என்று பறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் குடிசை மிராசுதார் நிலத்தில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துக்கொண்டு போக வேண்டுமாம். எழுதியவன் நான், கையெழுத்தும் என்னுடையது என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "நீ கம்முனு இரு தம்பி, நீ நம்ம வூட்டுப் புள்ள மாதிரி" என்று மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகையால், "வீரப்பன் திருடன் அல்ல, கூவச் சொன்னவன் உபாத்தியாயர், நெல்லைக் கொடுத்தவர் மிராசுதார்" என்று வெள்ளிக்கிழமைக்குள், கொட்டை எழுத்தில், மணிலாக்கொட்டை விலைக்கு மேலே பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர் எலெக்ஷனுக்கு நிற்கப்போகிறார், பத்திரிகைக்குப் பயப்படுவார். தங்கள் மை உறையாமலும் சந்தாதாரர் குறையாமலும் இருக்கப் பிரார்த்திக்கும்,

தணிகைவேல்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வீரப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். கூரைக் கழிகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தவன் கடைசிவரை கேட்டான். "வீரப்பன் திருடன் இல்லைன்னு பேப்பர்ல போடப்போறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "இந்த ஊருதான் இப்ப என்னைத் திருடன்னு சொல்லுது. வாய்க்காலுக்கு அந்தாண்ட யாருக்கும் தெரியாது. அங்கதான் பொழைக்கப் போறோம். இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க வாத்தியாரே" என்றான். எனவே இதைப் பிரசுரிக்க வேண்டாம். தபால் தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடவும். முதல் தரம் அவன் பேச்சைக் கேட்கவில்லை.