பல்செட்டும் பரிவுப் பேச்சும்

பல்செட் மூட மறுத்தது. மேற்பார்வையாளர் அதை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். மேல்வரிசை ஒரு பக்கம் போக, கீழ்வரிசை இன்னொரு பக்கம் இளித்தது.

சாதாரணப் பல்செட்டாக இருந்தால் பரவாயில்லை. இது முதலாளியின் மாமியாருடையது.

"அஞ்சு மணிக்கு டிரைவர் வருவான். பல்லு பொருந்தலைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

அந்தப் பல்செட் பட்டறையில் மேல்வரிசையைச் செய்பவர் ஒருவர், கீழ்வரிசையைச் செய்பவள் ஒருத்தி. அடுத்தடுத்த மேசை. "அண்ணே, கடைவாய் இடிக்குது", "கொஞ்சம் ராவிக்கோம்மா" என்று குரல் கொடுத்துக் குரல் கொடுத்தே பொருத்துவார்கள். ஒரு வாரமாக அந்தக் குரலைக் காணோம். இருவர் வாயிலும் பூட்டு.

மேற்பார்வையாளர் கலங்கவில்லை. ஊழியர் சண்டையைப் பரிவாகப் பேசித் தீர்ப்பது எப்படி என்ற பயிற்சிக்குப் போன வாரம்தான் போய், கழுத்தில் அட்டையும் கண்ணில் கனிவுமாகத் திரும்பியிருந்தார். அட்டையை அன்றே கழற்றிவிட்டார். கனிவைக் கழற்றவில்லை.

நாற்காலியைத் தூக்கி வந்து இரண்டு மேசைக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார்.

"மனசுல இருக்கிறதைக் கொட்டிடுங்க. நான் காது கொடுக்கிறேன்."

"ஒண்ணுமில்ல சார். நீங்க கொஞ்சம் தள்ளி..." என்று ஆரம்பித்தார் மேல்வரிசைக்காரர்.

"புரியுது. தள்ளி வெச்சுட்டாங்களேன்னு ஒரு வலி."

"வலியெல்லாம் இல்ல சார். அரம் உங்க நாற்காலிக்கு அடியில கிடக்கு."

"புரியுது" என்று கண்ணை மூடித் தலையாட்டினார். நாற்காலி நகரவில்லை. அரம் வரவில்லை.

அடுத்த வைத்தியம். "ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நின்னு பார்த்தாத்தான் கஷ்டம் தெரியும். மேசையை மாத்திக்குங்க!"

மாற்றிக்கொண்டார்கள். அதுவரை மூடாமல் இருந்த பல்செட், இப்போது மூடியது, திறக்கத்தான் மறுத்தது. நெம்புகோல் போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று.

"சரி, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாருங்க. பார்த்துக்கிட்டே இருங்க."

பார்த்தார்கள். கீழ்வரிசைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது.

"அழுதுடும்மா, அடக்காதே!" என்றவர் இந்தப் பக்கம் திரும்பினார். "பாருங்கய்யா, அந்தப் பொண்ணை எவ்வளவு நோகடிச்சிருக்கீங்க!"

"நானா?" என்று மேல்வரிசைக்காரர் எழுந்த வேகத்தில் மேசை ஆடியது. முன்பல் ஒன்று தெறித்து மூலைக்கு ஓடியது.

மணி நாலு. மேற்பார்வையாளருக்கு வியர்த்துவிட்டது. பயிற்சியாளரிடமே யோசனை கேட்போம் என்று போனுடன் தெருவுக்கு ஓடினார்.

"முதல்ல உங்க பதற்றத்தை நான் காது கொடுத்துக் கேட்கிறேன்" என்றார் பயிற்சியாளர்.

"சார், இங்க ஒரு பல்லு..."

"புரியுது."

"இல்ல சார், அஞ்சு மணிக்குள்ள..."

"நல்லாவே புரியுது."

இப்படியே அஞ்சு மணியும் தாண்டிவிட்டது. என்ன விஷயம் என்பதை மட்டும் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மேசைமேல் பல்செட் இருந்தது. தொட்டார். 'டக்' என்று மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. இருவரும் வாய் திறவாமல் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்த முதலாளியின் புது டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கியது. பல்செட்டைப் பெட்டியில் வைத்து டிரைவரிடம் நீட்டினார்.

"ஒரு வாரமா முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு பேருப்பா! பரிவாப் பேசினா கல்லும் கரையும். முதலாளிகிட்ட இதை மறக்காம சொல்லு."

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"சண்டையா? நான் வந்ததுலேருந்து சிரிச்சுப் பேசிக்கிட்டேதானே சார் வேலை செஞ்சாங்க! ரெண்டு பேரு பேசுறதைப் பார்த்தா யாரோ ஒருத்தரு நடுவுல வந்து உட்கார்ந்து 'புரியுது, புரியுது'ன்னு உயிரை எடுப்பாராம், அதுக்குப் பயந்துதான் ஒரு வாரமா வாயைத் திறக்கிறதே இல்லையாம். அந்த ஆளு இன்னிக்கு லீவா சார்?"