மைனஸ் அண்ணனும் ஏழு முடிச்சும்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓடுகிற வண்டிகளில் பாதியாவது இன்றைக்கு எடை குறைந்து ஓடுகின்றன என்றால், அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் மைனஸ் அண்ணன்.

நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரிந்ததாகவும் தெரியவில்லை. அரியலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் கார், டிராக்டர்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். எந்த வண்டி வந்து நின்றாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னாலேயே, "மொதல்ல மைனஸக் கழட்டுவோம்" என்பார். பேட்டரியின் மைனஸ் ஒயரைச் சொல்கிறார். அது தொழில்முறைப்படி சரிதானாம். ஆனால் அவர் அதோடு நிற்கமாட்டார். வண்டியில் கோளாறு என்று தனியாக ஒன்று கிடையாது, யாரோ எதையோ கூடுதலாக மாட்டியதுதான் கோளாறு என்பது அவருடைய கொள்கை. ஆகவே கழற்றிக்கொண்டே போவார். கழற்றியதையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு உரிமையாளர் கையில் கொடுப்பார்.

எறையூரிலிருந்து ஒரு கரும்பு டிராக்டர் வந்ததாம். நாலு ஸ்பீக்கர், மூன்று ஹாரன், வரிசை வரிசையாய்க் கலர் பல்பு. ஹெட்லைட் எரியவில்லை என்பதுதான் புகார். சாயங்காலம் ஹெட்லைட் எரிந்தது. மிச்சமிருந்தது ஒரு ஹாரன்.

"அண்ணே, பாட்டு?" என்று டிராக்டர்காரர் பரிதாபமாகக் கேட்டிருக்கிறார்.

"நீயே பாடு. சர்க்கரை ஆலை பக்கந்தான, அதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சிரும்."

அவருடைய மொபெட்டில் கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன் எதுவும் கிடையாது. "ஓரம் ஓரம்" என்று வாயால் கத்திக்கொண்டே போவார். டீக்கடையில் "சக்கரை மைனஸ், நுரை மைனஸ்" என்பார். கொட்டகையில் பெயர்ப்பலகை மைனஸ், நாற்காலி மைனஸ். வண்டிக்காரர்கள் அதிகம் பேசினால், "வாய மைனஸ் பண்ணுங்க, நான் வண்டி பேசுறதக் கேக்கணும்" என்பார்.

ஒன்று மட்டும் அவரிடம் மைனஸ் ஆகாது. குரல். வண்டிக்குள் எதைக் கண்டுபிடித்தாலும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற மாதிரி அறிவிப்பார். ஒருவர் குடும்பத்தோடு வந்து நின்றபோது, "சீட்டுக்கடியில சிகரெட்டுத் துண்டு ஏழு கெடக்கு சார். விட்டுட்டேன்னு சொன்னீங்களே, எப்ப?" என்று கேட்டுவிட்டார். அந்த சார் பிறகு திருச்சிக்குப் போய்த்தான் வண்டி பார்த்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு புதுப் பேட்டரி.

அப்போது எனக்கு அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டரை வயது மகளையும் கூட்டிப் போகலாம், அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவளுக்கு பஸ் ஆகாது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். வீட்டில் என் கணவர் வாங்கிப் போட்ட பழைய கார் நின்றது. அவர் சென்னையில் வேலை பார்க்கிறவர். மாதக்கணக்கில் ஓடாத காரின் பேட்டரி செத்துக் கிடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"காரு ஓடுச்சுன்னா வேலைக்குப் போ. ஓடலன்னா வூட்ல இரு. பஸ்ல புள்ளைய வாந்தி எடுக்கவச்சிக்கிட்டு ஒரு வேலை வேணாம்."

எனவே வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பேட்டரி மாட்டியாயிற்று. அத்தை ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். டயருக்கடியில் வைத்து நசுக்க வேண்டுமாம். நான் படித்தவள் இல்லையா? "பேட்டரிக்குள்ள நடக்கறது வேதிவினை அத்தை. அதுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சம்பந்தமே இல்ல. இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். அத்தை பழத்தை எடுத்துப் போய் ரசத்தில் பிழிந்துவிட்டார்.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். தனியாக. நான்காவது கியர் போடும்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அத்தை சொன்னது சரியாக இருந்தால்? குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் போய்வர வேண்டிய வண்டி. நம்பிக்கை இல்லைதான். ஆனால் ஓர் எலுமிச்சம்பழத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? கார் தானாகவே சிறுவாச்சூர் கோவில் வாசலில் போய் நின்றது.

பூசாரி அம்மன் காலடியில் வைத்துக் கொடுத்த பழத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வாங்கிக்கொண்டேன். முன்னால் கட்டினால் அத்தை பார்த்துவிடுவார். பானட்டைத் திறந்தேன். உள்ளே ஓரமாக, விரல் கனத்தில் ஒரு சின்னக் கம்பி, கயிறு கட்டுவதற்கென்றே நின்றுகொண்டிருந்தது. கட்டினேன். ஒரு முடிச்சு போதும். அவிழ்ந்துவிட்டால் அபசகுனமாயிற்றே என்று இன்னொன்று. மொத்தம் ஏழு.

வீட்டுக்கு வந்து காரைப் பூட்டினேன். அரை நிமிடம் ஆனது. அலாரம் அலறியது.

பழைய உரிமையாளர் மாட்டிவைத்த அலாரம். பேட்டரி இல்லாததால் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது சேர்த்துவைத்துக் கத்தியது. ரிமோட்டை அமுக்கினால் நிற்கும். அரை நிமிடத்தில் மறுபடியும். பூட்டாமல் விட்டால் தானே பூட்டிக்கொண்டு கத்தியது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த மகளும் அதே சுருதியில் சேர்ந்துகொண்டாள். எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நெசமாவே திருடன் வந்தா வேற சத்தம் வருமா, இதேதானா?"

கணவருக்குப் போன் செய்தேன். "யூடியூப்ல பாரு" என்றார். பதினொரு வீடியோ பார்த்தேன். சாவியைப் பத்து முறை திருப்பச் சொன்னது ஒன்று. பத்தா ஒன்பதா என்று எண்ணிக்கை குழம்பி மறுபடியும் முதலிலிருந்து திருப்பினேன். கார் கத்தியது.

சனிக்கிழமை இரண்டு எலக்ட்ரீஷியன்களிடம் போனேன். முதலாமவர் பானட்டைத் திறந்ததும் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரிமோட் போய்விட்டது என்றார். இரண்டாமவர் பழத்தில் கை படாமல் பக்கவாட்டில் உடம்பை வளைத்து வளைத்து வேலை பார்த்து, அலாரத்தையே மாற்ற வேண்டும், அதற்குப் பொருள் வர பத்து நாளாகும், அதுவரை இப்படிக் கத்தினால் புதுப் பேட்டரியும் காலி என்றார். ராத்திரி அத்தை என் சேலைகளை எடுத்து மடித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்தார். வேலைக்குக் கட்டிப் போக நான் எடுத்து வைத்திருந்தவை.

"மைனஸ்ட்ட போங்க" என்றார் எதிர்வீட்டு வாத்தியார் மறுநாள் காலையில். "ஞாயித்துக்கெழமையும் கடை உண்டு. ஆனா உங்க அத்தையக் கூட்டிட்டுப் போகாதீங்க. அவன் வாய் சரியில்ல."

அத்தை அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

கொட்டகை வாசலில் நிறுத்திய அரை நிமிடத்தில் கார் எங்கள் வருகையை அறிவித்தது. கொஞ்சம் குள்ளமாக, சட்டையில் மேல் இரண்டு பட்டன் மைனஸாக, அவர் எழுந்து வந்தார். அத்தை பின்சீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"எங்க மருமவ பிசிக்ஸ் டீச்சருப்பா. நாளைக்கு அரியலூர்ல வேலைக்குச் சேரணும். இன்னிக்கு நிக்கலன்னா வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்படிங்களா? மொதல்ல மைனஸக் கழட்டுவோம்."

ஒயர் கழன்றது. அமைதி. பானட்டுக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றார். அந்தச் சின்னக் கம்பியை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். எதைக் கண்டாலும் கழற்றுகிற கை, எலுமிச்சம்பழத்துக்கு அரை அடி முன்னால் நின்றுபோயிற்று.

"இத யாருங்க கட்டுனது?" நல்லவேளை, மூச்சுக் குரலில் கேட்டார்.

"ஏண்ணே?"

"இந்தக் கம்பி என்னன்னு தெரியுமா? பானட்டு மூடியிருக்கா தொறந்திருக்கான்னு வண்டி தெரிஞ்சுக்கறதே இத வச்சுத்தான். மூடுனா இது உள்ள அமுங்கணும். எவனோ கழுத்தச் சுத்தி இறுக்கி வச்சிருக்கான். அமுங்க முடியல. பானட்டத் திருடன் தொறந்துட்டான்னு அது பாட்டுக்குக் கத்துது. பாத்தவன் பூரா அம்மன் பழம்னு தொடாம விட்டிருக்கான். நானும் கை வைக்க மாட்டேன். கட்டுனவங்கதான் அவுக்கணும்."

தூக்கியிருந்த பானட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாண்ணே" என்றேன்.

அவர் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிசிக்ஸ்?"

"ஆமாண்ணே. அத்தைக்குத் தெரியாது. மூடநம்பிக்கைன்னு அவங்களத் திட்டிட்டு, நானே போய்க் கட்டுனேன்."

அவருடைய வாய் திறந்தது. பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் அந்தக் குரலுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தோன்றியது. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் மைனஸ் ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா!" என்று கத்தினார். "முன்னாடி வந்து ஒக்காந்து ஹாரன அமுக்குங்க. சார்ஜ் பாக்கணும். நான் கை காட்டற வரைக்கும் விடக் கூடாது!"

ஹாரன் அடிப்பது மரியாதைக் குறைவு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தை. ஆனால் பொறுப்பு என்று வந்துவிட்டால் விடமாட்டார். இரண்டு கையையும் வைத்து அமுக்கினார். ரோட்டில் போன லாரி ஒன்று பயந்து ஒதுங்கியது. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மகள் உள்ளே "இன்னும், இன்னும்!" என்று குதித்தாள். அந்தச் சத்தத்தின் மறைவில், தூக்கிய பானட்டுக்குப் பின்னால், நான் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன முடிச்சுங்க?"

"ஏழுண்ணே."

"பல்லால கடிங்க டீச்சர். பெரியம்மா கை வலிக்கப் போவுது."

ஏழாவது அவிழ்ந்ததும் கம்பி அமுங்கி எழுந்தது. கையைக் காட்டினார். பானட்டை மூடி, பூட்டினோம். நான்கு பேரும் காரைச் சுற்றி நின்று காத்திருந்தோம். அரை நிமிடம். ஒரு நிமிடம். கார் வாயே திறக்கவில்லை.

"என்னப்பா கோளாறு?" என்றார் அத்தை.

"ஒரு கம்பி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு பெரியம்மா."

"பை எங்க? எதையாச்சும் கழட்டிப் பையில போட்டுக் குடுப்பியாமே?"

"இன்னிக்கு ஒண்ணும் கழட்டலீங்க."

அவர் அப்படிப் பொய் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சட்டைப் பை உருண்டையாகப் புடைத்திருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காரில் ஏறிக்கொண்டு, "ஹாரன் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சேலைகள் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கின.

திங்கட்கிழமை காலையில் அத்தை நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான்கும் சரியாக இருக்கிறதா என்று நான் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துக்கொண்டேன்.

இப்போது நாங்கள் அரியலூருக்கே குடிவந்துவிட்டோம். போன மாதம் பெரம்பலூர் போனபோது அந்தக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினேன். பெயர்ப்பலகை இல்லை, நாற்காலி இல்லை, எல்லாம் பழையபடி. வாசல் தகரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது. அதன் நுனியில் கடுக்காய் மாதிரி சுருங்கிப்போன ஓர் எலுமிச்சம்பழம்.

"அண்ணே, இத இன்னும் மைனஸ் பண்ணலையா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒயரை உரித்துக்கொண்டே சொன்னார்.

"அது ஒண்ணு இருந்துட்டுப் போவுதுங்க டீச்சர்."