இருநூற்றுப் பதினான்கு அட்டைகளும் ஒரு சங்கும்

ஒழுங்கானவர்கள் செய்யும் தவறும் ஒழுங்காகவே இருக்கும். அரைகுறையாகச் சொதப்ப எங்களுக்கு வராது. இதை நான் நாற்பத்தாறாவது வயதில், கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், பகல் ஒன்று இருபதுக்குத் தெரிந்துகொண்டேன். (நேரம் டைரியில் இருக்கிறது.)

கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன பி.ஏ. வரலாற்றை, மகள் நிவேதா கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த பிறகு, அஞ்சல் வழியில் மறுபடி தொடர்ந்தேன். எல்லாத் தாளும் முடித்தாயிற்று. ஓர் ஆய்வேடு மட்டும் பாக்கி. எந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாலும் கல்வித்தகுதி என்ற கட்டத்தில் பேனா ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தலைப்பு: 'தேயிலைத் தோட்டத்துச் சங்கும் தொழிலாளர்களின் நேர ஒழுங்கும்'. முன்பு எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் எடுக்கும் இடத்தில், வந்து நிற்காதவர்களுக்கு அன்று வேலை கிடையாது. சங்கு நின்று பல வருடம் ஆகிறது, கேட்டவர்கள் இருக்கிறார்கள். நேரம் தவறாமையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவள் யார்? (எங்கள் வீட்டில் தோசை மாவு பொங்குவதற்கே டைம்டேபிள் உண்டு.)

பதினோரு பேரைப் பேட்டி கண்டேன். ஒரு தகவலுக்கு ஓர் அட்டை. ஊதா மையில் எண். ஒரே விஷயத்தைப் பேசும் அட்டைகளுக்கு ஒரு கிளிப். எந்த அட்டை எதனோடு சேரும் என்பதற்குத் தனி நோட்டில் ஓர் அட்டவணை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

"அம்மா, எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோ" என்றாள் நிவேதா.

"போன் தொலைஞ்சா?"

"அட்டை தொலைஞ்சா?"

"நம்பர் போட்டிருக்கேன். நம்பர் போட்டது தொலையாது."

இப்படியும் பேசியிருக்கிறேன் நான். எனக்கு அப்போது முதுகலை படிக்கும் ஆசைகூட இருந்தது.

சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஜூலை மழையில், கோத்தகிரி பஸ்ஸின் ஷட்டர் ஒழுகி என் மடியிலிருந்த பை நனைந்தது. உள்ளே இருந்த அத்தனை அட்டையும் ஈரம். எங்கள் ஊரில் ஜூலையில் ஒரு போர்வை காய்வதற்கு ஒரு வாரம் ஆகும். அட்டை காயாது, பூசணம்தான் பிடிக்கும்.

என் கணவர் டீ மேக்கர். கொழுந்து உள்ளே வருவது முதல் தூளாக வெளியே போவது வரை ஃபேக்டரியில் அவர் பொறுப்பு. அங்கே மாடியில் இலை வாட்டும் தொட்டிகள் உண்டு. கட்டில்போல நீளமாக, மேலே கம்பி வலை. வலைக்குக் கீழிருந்து பெரிய விசிறி காற்றடிக்கும். பறித்த இலை அதன்மேல் கிடந்து வாடும். ஜூலை மாதத்து நீலகிரியில் எனக்குத் தெரிந்து காய்ந்த காற்று அங்கேதான் இருந்தது.

அவர் அன்று குன்னூருக்குச் சாம்பிள் கொண்டுபோயிருந்தார். நான் கேட்காமலே மாடி ஏறினேன். கிளிப்புகளைக் கழற்றி அந்தந்தக் கட்டின் முதல் அட்டையில் மட்டும் செருகிவிட்டு, கடைசித் தொட்டியில் ஒரு பாதியில், எண் வரிசைப்படி, அட்டைகளைப் பரப்பினேன். காற்றில் முதல் அட்டை எழும்பியது. உடனே ஒரு யோசனை: மறுபாதியில் வாடிக் கிடந்த இலையை எடுத்து ஒவ்வோர் அட்டையின் மேலும் ஒரு கைப்பிடி வைத்தேன். பறக்கவே இல்லை. எட்டி நின்று பார்த்தபோது, மேலே வெறும் இலைதான் தெரிந்தது. அவ்வளவு கச்சிதம்! அந்தத் திருப்தியோடு கேன்டீனுக்குச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டி காலி. வாட்டுப் பிரிவில் வேலை செய்யும் செல்வி துடைப்பத்தோடு நின்றாள்.

"இங்கிருந்த இலை எங்க செல்வி?"

"வாடிருச்சுங்களே அக்கா. அள்ளிப் பெல்ட்டுல போட்டுட்டனுங்க. கடேசில ஏதோ பேப்பர் பேப்பரா வந்துதுங்க, அதும் இலையோடவே போயிருச்சுங்க. ஊட்லிருந்து சோறு கட்டுன பேப்பராட்ட இருக்கும்னு நெனச்சனுங்க."

"இருநூத்திப் பதினாலு பேருக்கா சோறு கட்டுவாங்க?"

"எண்ணி வேற வெச்சிருந்தீங்களாக்கும்?" என்றாள் செல்வி, நிஜமான அக்கறையோடு.

நான் கீழே ஓடி இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதற்குள் இலையை அரைக்கும் பல் உருளைகள் இரண்டும் தங்கள் கடமையை முடித்திருந்தன. இலையில் இரும்பு ஏதும் கலந்திருந்தால் பிடிப்பதற்கு வழியில் ஒரு காந்தம் உண்டு. அதில் நாற்பத்து மூன்று கிளிப்புகள் ஒட்டியிருந்தன. நான் போட்டவை நாற்பத்து மூன்று. அந்தக் கணக்கில் மட்டும் குறையில்லை. அட்டவணை நோட்டும் என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். 'அட்டை 87: பார்க்க, அட்டை 142. அட்டை 142: பார்க்க, அட்டை 87.'

சாயங்காலம் திரும்பிய என் கணவர், பச்சைக் கூழில் வெள்ளை வெள்ளையாக மின்னிய என் ஆராய்ச்சியை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அந்த ஈடு முழுவதையும் கழிவில் தள்ளச் சொன்னார். பிறகு என்னிடம், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"நீங்க குன்னூர்ல இருந்தீங்க."

"போன் இருக்குதில்ல?"

(மறுபடியும் போன்.)

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு முதலாவது ஆளிடமே மறுபடி போனேன். காளிமுத்து அண்ணன். அந்த எஸ்டேட்டில் இருபது வருடத்துக்கு மேல் சங்கு ஊதியவர். முதல் தடவை நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அச்சடித்த கேள்வித்தாளோடு போனபோது, அவர் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, "ஏழுன்னா ஏழுங்க. ஒரு நிமிசம் தப்புனதில்லீங்க" என்றிருந்தார். அதுதான் அட்டை 1. இரட்டை அடிக்கோடு. ஆய்வேடு முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

இந்தத் தடவை நனைந்த சேலையும் வெறுங்கையுமாக உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி பார்வதியம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

"போனா போவுது உடு கண்ணு! இவரு சொன்னது அத்தனையும் பொய்யி."

"ஏய், சும்மா இரு" என்றார் காளிமுத்து அண்ணன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்? புள்ளைய ஆயாகிட்ட உட்டுட்டு நான் மேடேறி வர நேரமாயிரும் கண்ணு. இவரு என்ஜின் ரூம் ஜன்னல்ல நின்னுக்கிட்டே இருப்பாரு. வளைவுல எந் தலைத்துண்டு தெரிஞ்சாத்தான் சுச்சியப் போடுவாரு. சில நா அஞ்சு நிமிசம், மழைன்னா பத்து."

நான் காளிமுத்து அண்ணன் பக்கம் திரும்பினேன். "பெரட்டுல ஆள் எடுக்கிற ஆபிசர் கண்டுபிடிக்கலையா?"

"அவரு வாட்சையே சங்கக் கேட்டுத்தானுங்க திருப்பி வெப்பாரு" என்றார் காளிமுத்து அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

மீதிப் பத்துப் பேரிடமும் போனேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பார்வதியம்மா வரும்வரை அவர்களுக்கும் நேரம் ஆகவில்லை அல்லவா? "இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று ஒருவரிடம் கோபித்தேன். "நீங்க நேரத்தப் பத்தித்தானுங்க கேட்டீங்க. பார்வதியப் பத்திக் கேக்கலீங்களே" என்றார்.

காளிமுத்து அண்ணன் தன் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கெஞ்சினார். பார்வதியம்மா விடவில்லை. "போடு கண்ணு. எனக்காவச் சங்கையே நிறுத்தி வெச்ச மனுசன் ஒருத்தன் இருந்தான்னு நாலு பேரு படிக்கட்டும்."

ஆறு நாளில் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது. தலைப்பில் 'ஒழுங்கு' என்ற சொல்லை அடித்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதல் தடவை எடுத்த பேட்டிக் குறிப்புகள் எங்கே?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் தம் மேசை மேலிருந்த தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தேர்ச்சி என்று எழுதினார்.

பட்டம் இப்போது கூடத்தில் சட்டத்துக்குள் தொங்குகிறது. விருந்தினர் வந்தால் அதைப் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், நான் அடக்கமாகத் தலை குனிவேன். சரியாக அந்த நேரத்தில் என் கணவர் தேநீர்த் தட்டோடு வந்து நிற்பார்.

"நல்லா வடிகட்டிக் குடிங்க. எங்கூட்டம்மா இதுலதான் பி.ஏ. படிச்சாங்க."