பத்தாவது ஃபெயில் போதும்

இரும்புலியூர்
18.5.2003

அன்பும் பண்பும் பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைய உள்ள மச்சான் சம்பந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கை சரளாவைக் கட்டிக்கொண்டும் திடமாக இருக்கும் பூவராகன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். மதுராந்தகத்தில் அக்காவும் பிள்ளைகளும் சுகமா? போனில் சொல்லலாமென்றால் விடிந்ததிலிருந்து தண்ணீர் கேட்பவர்கள் அதை விடுவதில்லை. தவிர, போனென்றால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

நம் முடிச்சூர் கிணற்றுத் தண்ணீர் லாரிகளுக்கு ஆர்டர் எடுக்க, போன் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகன் சூர்யாவை வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்களும் ஆள்மேல் ஆள் விட்டீர்கள். நான் பதில் போடாததற்குக் காரணம் திமிர் இல்லை மச்சான். ‘ஆள் தேவை, பத்தாவது ஃபெயில் போதும்’ என்று கேட்டில் போர்டு மாட்டினேன். சூர்யாவை மனதில் வைத்துத்தான் அப்படி எழுதினேன். வந்தவர்களோ வேறு. மெட்டில்டா என்று ஒரு பெண், எம்.எஸ்ஸி. கணக்கு. டேங்கர் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டது, சொன்னேன், லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவ்வளவு பிடிக்காதே சார் என்றது. கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்தவர் வினோத்குமார், பி.இ. கம்ப்யூட்டர். தரமணியில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். நான் அஞ்சாவது, அதுவும் வாத்தியார்கள் சேர்ந்து தள்ளிவிட்ட அஞ்சாவது. ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன், பிடித்தது சனி. அவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகப் போய் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுகிறது. அவர் குனிந்தால் ஏற்றிக் கட்டுகிறேன், நிமிர்ந்தால் இறக்குகிறேன், மத்தியானத்துக்குள் இடுப்பு தேய்ந்துவிட்டது. டீ வாங்கி வா என்று சொல்ல வாய் வருமா? நானே போய் வாங்கி வந்தேன், அவருக்குச் சர்க்கரை கம்மி.

நம் தொழில் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. லாரி ஷெட்டில் நின்றாலும், டிரைவர் குளித்துக்கொண்டிருந்தாலும், யார் கேட்டாலும் ‘கிளம்பிடுச்சு’ என்றுதான் சொல்ல வேண்டும். சேலையூர் ஃபிளாட்டிலிருந்து அபிதகுஜாம்பாள் மேடம் போன் செய்தார்கள். நம்ம பி.இ., லாரி இன்னும் கிளம்பவில்லை, டிரைவர் சாப்பிடுகிறார், வர ஒரு மணி ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மேடம் ராங் நம்பர் என்று வைத்துவிட்டு மறுபடி அடித்தார்கள், மறுபடியும் அதே பதில். கடைசியில் என் செல்லுக்கு அடித்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். டிரைவர் தாவீது ஒருபக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “அண்ணா, அவரு ‘ப்ளீஸ் எடுங்க’ன்றாரு. திட்டாம சொன்னா எனக்கு வண்டி எடுக்கவே தோண மாட்டேங்குது.”

சாயங்காலம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். நாளைக்கே ஒரு கம்பெனி கூப்பிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள், இந்தக் கோடையில் நான் மறுபடி போர்டு மாட்ட வேண்டும் என்றேன். இல்லை சார், போக மாட்டேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லலாம் இல்லையா?

“கூப்பிட்டா போயிடுவேன் சார். ஆனா கம்பெனி மூடினது என் ஒய்ஃபுக்கு இன்னும் தெரியாது. மாசமா இருக்கா. தினம் ஆபீஸ் போறேன்னு டிபன் பாக்ஸோட கிளம்பி தாம்பரம் ஸ்டேஷன்லயே உட்கார்ந்திருக்கேன். போறதுக்கு ஒரு இடம் இருந்தா போதும் சார்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். போர்டைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன். வேண்டாமென்றால் அந்த டிபன் பாக்ஸ் கண்ணில் நிற்கிறது, சரியென்றால் லுங்கி நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்துவிட்டேன் மச்சான். நமக்கு சூர்யாதான் சரி. பொய் சொல்லத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம், உங்கள் பிள்ளைதானே. எங்கேயும் போக மாட்டான், எவனும் கூப்பிட மாட்டான். கடிதம் கண்டதும் அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இன்னும் திருப்பி அனுப்பாத
பூவராகன்

பின்குறிப்பு: கவர் ஒட்ட நாலு சோற்றுப் பருக்கை கேட்டதில் உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். சூர்யாவை அனுப்ப வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்மேல் கோபப்படாதீர்கள். “உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? எங்கண்ணன் புள்ளைய வச்சிகினா அப்புறம் போவச் சொல்ல முடியுமா? காலத்துக்கும் இங்கதான் குந்திகினு இருப்பான். அந்தப் புள்ளைன்னா வேலை கெடச்சதும் தானா போயிடும். போற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமே.” சொன்னதோடு நிற்காமல் வினோத்குமாரை நாளையிலிருந்து வரச் சொல்லியும் விட்டாள். பிறகு இருவரும் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். அவருக்குச் சீக்கிரம் நல்ல வேலை கிடைக்க வேண்டுமென்று அவள் வேண்டிக்கொண்டாள். கோடை முடிகிறவரை கிடைக்கக் கூடாதென்று நான் வேண்டிக்கொண்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தேங்காய்தான் உடைத்தோம், இனி அம்மன் பாடு.